பம்ப் வகைப் பெயிண்ட்பால் குறிப்பான்

பம்ப் வகைப் பெயிண்ட்பால் குறிப்பான் என்பது, வண்ண நீர்மம் நிரப்பிய ஜெலட்டின் உருண்டைகளை அழுத்தமூட்டப்பட்ட வளிமத்தின் துணையால் எய்யும் ஒரு விளையாட்டுக் கருவி ஆகும். ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னரும் இதன் முன்பகுதியிலுள்ள கைப்பிடியை ஒருமுறை பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். இச்செயலே "பம்ப்" எனப்படுகிறது. பெயிண்ட்பால் விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில் இவ்வகைக் கருவிகளே பெரிதும் பயன்பட்டன. 1990-களில் அரைத் தானியங்கிக் கருவிகள் பரவிய பின்னரும், எளிய அமைப்பு, குறைந்த பந்துச் செலவு ஆகிய காரணங்களால் இவை தொடர்ந்து விளையாடப்பட்டு வருகின்றன.

விளையாட்டுக் கருவியாக இருப்பினும், பாதுகாப்பு விதிகள் மீறப்படும்போது இது நிலையான கண்பார்வை இழப்பை ஏற்படுத்தக்கூடியது. இக்கட்டுரை இக்கருவியின் இயக்கம், பாதுகாப்பான பயன்பாடு, பராமரிப்பு ஆகியவற்றை விளக்குகிறது.

பெயர்

இக்கருவி துப்பாக்கியை ஒத்த வடிவம் கொண்டிருந்தாலும், விளையாட்டினர் இதனை "மார்க்கர்", அதாவது குறிப்பான் என்றே அழைப்பர். மரங்களிலும் மாடுகளிலும் அடையாளக் குறி இடுவதற்காகவே இது முதலில் உருவாக்கப்பட்டது என்பதே இப்பெயருக்குக் காரணம்.

வரலாறு

1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நெல்சன் பெயிண்ட் நிறுவனத்திற்காக டெய்சி என்னும் காற்றுத் துப்பாக்கி நிறுவனம் "நெல்ஸ்பாட் 007" என்ற கைத்துப்பாக்கி வடிவக் குறிப்பானைத் தயாரித்தது. வனத்துறையினர் வெட்ட வேண்டிய மரங்களைத் தொலைவிலிருந்தே குறிக்கவும், பண்ணையாளர்கள் மந்தையில் குறிப்பிட்ட மாடுகளைப் பிரித்தறியவும் இதனைப் பயன்படுத்தினர். அக்காலப் பந்துகளில் எண்ணெய் வண்ணம் நிரப்பப்பட்டிருந்தது.

1981 ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று, நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் ஹெனிக்கர் என்ற ஊரில் சார்லஸ் கெயின்ஸ், ஹேய்ஸ் நோயல், பாப் கர்ன்சி ஆகியோர் ஒழுங்கு செய்த முதல் பெயிண்ட்பால் ஆட்டம் நடைபெற்றது. காட்டில் 12 பேர் தனித்தனியாக நின்று, கொடிகளைக் கைப்பற்றி வெளியேற முயன்றனர். வெற்றி பெற்றவர் ரிச்சி வைட் என்ற வனத்துறையாளர். அவர் ஒருமுறைகூடச் சுடாமலேயே அனைத்துக் கொடிகளையும் எடுத்து வந்தார் என்பது இவ்விளையாட்டின் வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படுகிறது.

நெல்ஸ்பாட் 007-இல் பம்ப் கைப்பிடி இல்லை. பக்கவாட்டிலுள்ள குமிழைக் கையால் நகர்த்தியே அடுத்த பந்தை ஏற்ற வேண்டும். குழலுக்கு அடியில் கைப்பிடி பொருத்தும் முறை 1980-களில் பரவியது. செரிடன் நிறுவனத்தின் பிஜிபி, கேபி-2, காம்பொனன்ட் கான்செப்ட்ஸ் நிறுவனத்தின் ஃபேன்டம், வார் கேம் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்னைப்பர் ஆகியவை அறியப்பட்ட பம்ப் வகைகளாகும். ஸ்னைப்பரின் பம்ப் செயலை வளிமத்தாலேயே நிகழுமாறு மாற்றியமைத்ததன் விளைவே "ஆட்டோகாக்கர்" என்னும் அரைத் தானியங்கிக் கருவி.

அமைப்பு

பம்ப் குறிப்பானின் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

* குழல்: பந்து வெளியேறும் வழவழப்பான நீண்ட குழாய்.
* அறை: எய்யப்படுவதற்கு முன் பந்து தங்கும் இடம்.
* பந்துத் தடுப்பு: பந்து தானாக முன்னோக்கி உருண்டுவிடாமல் பிடித்துக்கொள்ளும் சிறு நெகிழ் உறுப்பு.
* போல்ட்: பந்தை அறையினுள் தள்ளி, அறையின் பின்புறத்தை மூடும் உருளை. வளிமம் இதன் துளை வழியாகவே பந்தை அடைகிறது.
* சுத்தியல்: சுருள்வில்லால் உந்தப்பட்டு வால்வைத் தட்டும் உலோகத் துண்டு.
* சியர்: சுத்தியலைப் பின்னிலையில் பிடித்து வைக்கும் கொளுவி. விசையை அழுத்தும்போது இது விடுபடுகிறது.
* வால்வு: தட்டப்படும் கணத்தில் மட்டும் திறந்து, அளவான வளிமத்தை வெளியிடும் உறுப்பு.
* பம்ப் கைப்பிடி: போல்ட்டையும் சுத்தியலையும் இயக்கும் நகரும் பிடி.

உறுப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைக் கொண்டு இரு பெரும் வகைகள் கூறப்படுகின்றன. நெல்சன் வகையில் போல்ட், சுத்தியல், வால்வு ஆகியன ஒரே குழாயினுள் ஒரே நேர்கோட்டில் அமைந்துள்ளன. ஃபேன்டம் இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொரு வகையில் மேற்குழாயில் போல்ட்டும் கீழ்க்குழாயில் சுத்தியலும் வால்வும் இருக்கும். ஸ்னைப்பர் இவ்வகையைச் சேர்ந்தது.

இயங்கும் முறை

1. கைப்பிடியைப் பின்னால் இழுக்கும்போது போல்ட் பின்வாங்கி அறை திறக்கிறது. ஒரு பந்து அறைக்குள் விழுகிறது. சுத்தியல் சியரில் கொளுவிக்கொள்கிறது.
2. கைப்பிடியை முன்னால் தள்ளும்போது போல்ட் பந்தைத் தடுப்பைத் தாண்டிச் செலுத்தி அறையை மூடுகிறது.
3. விசையை அழுத்தும்போது சியர் விடுபட, சுருள்வில் சுத்தியலை உந்துகிறது. சுத்தியல் வால்வைத் தட்டுகிறது.
4. வால்வு மிகச் சிறு நேரம் திறந்து மூடுகிறது. வெளிவந்த வளிமம் விரிவடைந்து பந்தைக் குழலிலிருந்து வெளியேற்றுகிறது.

சில கருவிகளில் விசையை அழுத்திப் பிடித்தபடியே பம்ப் செய்தால், கைப்பிடி முன்னால் வரும் ஒவ்வொரு முறையும் கருவி தானாகச் சுடும். இது ஆட்டோடிரிக்கர் எனப்படுகிறது. இவ்வசதி உள்ள கருவியில் விசைமேல் விரல் இருக்கும்போது பம்ப் செய்வதே சுடுதலாகிவிடும் என்பதைப் புதியவர்கள் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

வண்ணப்பந்து

பரவலாகப் பயன்படும் பந்து 0.68 அங்குல, அதாவது ஏறத்தாழ 17.3 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 3 கிராம் நிறையும் உடையது. ஓடு ஜெலட்டினால் ஆனது. உள்ளே பெரும்பாலும் பாலியெத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்மமும் நீரில் கரையும் நிறமியும் இருக்கும். ஜெலட்டின் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. எனவே ஈரப்பதத்தில் பந்து உப்பும். குளிரில் அதன் ஓடு நொறுங்கும் தன்மை அடையும்.

தரையில் விழுந்த பந்தை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. ஒட்டிய மண் குழலின் உட்பரப்பைக் கீறும். ஈரத்தில் உப்பிய பந்து குழலுக்குள்ளேயே உடையும். பந்தை உறைய வைத்துச் சுடுவது எக்காரணம் கொண்டும் ஏற்கத்தக்கதல்ல. முகக்கவசங்கள் உடையக்கூடிய பந்தின் மோதலைக் கருத்திற்கொண்டே சோதிக்கப்படுகின்றன.

வளிமம்

பம்ப் குறிப்பான்களில் கார்பன் டை ஆக்சைடு அல்லது அழுத்தமூட்டப்பட்ட காற்று பயன்படுத்தப்படுகிறது.

கார்பன் டை ஆக்சைடு கலனுக்குள் நீர்மமாகவும் வளிமமாகவும் சேர்ந்தே இருக்கும். எனவே அதன் அழுத்தம் மீதியுள்ள அளவைப் பொறுத்ததன்று, வெப்பநிலையைப் பொறுத்தது. 0 பாகை செல்சியசில் ஏறத்தாழ 35 பார், 20 பாகையில் 57 பார், 30 பாகையில் 72 பார் என்றவாறு அது உயர்கிறது. காலையின் குளிரில் சரிசெய்யப்பட்ட கருவி நண்பகல் வெயிலில் வரம்பை மீறிய வேகத்தில் சுடுவதற்கு இதுவே காரணம். மாறாக, விரைந்து தொடர்ச்சியாகச் சுடும்போது நீர்மம் ஆவியாவதால் கலன் குளிர்ந்து, அழுத்தமும் வேகமும் குறைகின்றன. 12 கிராம் குப்பிகளில் இவ்விளைவு தெளிவாகத் தெரியும்.

அழுத்தமூட்டப்பட்ட காற்று 207 பார் அல்லது 310 பார் அளவுக்கு நிரப்பப்பட்டு, அழுத்தச் சீராக்கியின் வழியே குறைந்த அழுத்தத்தில் கருவிக்குத் தரப்படுகிறது. வெப்பநிலை மாற்றம் இதனைக் குறைவாகவே பாதிக்கும்.

பாதுகாப்பான பயன்பாடு

கண் பாதுகாப்பு

பெயிண்ட்பாலில் ஏற்படும் கடுமையான காயங்களில் முதன்மையானது கண் காயம். 17 மில்லிமீட்டர் பந்து கண்குழியின் எலும்பு விளிம்புகளுக்கு இடையே நுழைந்து விழிக்கோளத்தை நேரடியாகத் தாக்கக்கூடியது. கண்ணின் முன்னறையில் குருதிக்கசிவு, வில்லை இடம்பெயர்தல், விழித்திரை பிரிதல், விழிக்கோளம் கிழிதல் ஆகியவை மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை, முகக்கவசம் அணியாதிருந்தபோதோ ஆட்டத்தின் நடுவே அதனைக் கழற்றியபோதோ நிகழ்ந்தவை.

* பெயிண்ட்பாலுக்கென்றே சோதிக்கப்பட்ட முகக்கவசத்தை மட்டுமே அணிய வேண்டும். அமெரிக்காவில் இதற்கான தரம் ஏஎஸ்டிஎம் எஃப்1776 ஆகும். ஆய்வகக் கண்ணாடி, வெயில் கண்ணாடி, நீச்சல் கண்ணாடி ஆகியன மாற்றாகா.
* சுடும் பகுதிக்குள் இருக்கும் வரை, ஆட்டம் நின்றிருந்தாலும், கவசத்தைக் கழற்றக் கூடாது. மூச்சின் ஆவி படிந்து பார்வை மறைந்தால், நடுவரை அழைத்துக் களத்தை விட்டு வெளியேறிய பின்னரே துடைக்க வேண்டும்.
* கவசத்தின் வில்லை பாலிகார்பனேட்டால் ஆனது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்கள் அதனைப் பலவீனப்படுத்தும். நீரும் மென்துணியும் போதும்.
* கீறல், வெடிப்பு, மிக அருகிலிருந்து பட்ட அடி ஆகியவற்றுக்குப் பின் வில்லையை மாற்றிவிட வேண்டும். வெளித்தோற்றத்தில் குறை இல்லாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று.
* பார்வையாளர்களும், பழுது பார்ப்பவரும், கருவியைச் சோதிப்பவரும் இவ்விதிக்கு விலக்கல்லர்.

திசைவேகம்

பொதுவான மேல்வரம்பு விநாடிக்கு 300 அடி, அதாவது ஏறத்தாழ 91 மீட்டர். பல ஆடுகளங்கள் இதனை விநாடிக்கு 280 அடி, அதாவது 85 மீட்டர் அல்லது அதற்கும் குறைவாக வைக்கின்றன. இயக்க ஆற்றல் திசைவேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், சிறிய மீறலும் பெரிய விளைவைத் தரும். 3 கிராம் பந்து விநாடிக்கு 85 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 10.8 ஜூல் ஆற்றலுடன் செல்கிறது. அதுவே 95 மீட்டரானால் 13.5 ஜூல். வேகம் 12 விழுக்காடு கூட, ஆற்றல் 25 விழுக்காடு கூடிவிடுகிறது.

ஆட்டத்திற்கு முன் குரோனோகிராஃப் எனப்படும் திசைவேகமானியில் கருவியைச் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு பந்தின் அளவீட்டை நம்பக் கூடாது. குழலுக்குள் உருண்டுவிட்ட பந்து குறைந்த வேகத்தையே காட்டும். அதனை நம்பி வேகத்தைக் கூட்டினால் அடுத்த பந்து வரம்பை மீறும். குறைந்தது ஐந்து பந்துகளைச் சுட்டு, அவற்றுள் மிக உயர்ந்த அளவை வரம்புடன் ஒப்பிடுவது முறை. வெயில் ஏறிய பின்னரும், கலன், குழல், பந்து வகை ஆகியவற்றுள் எதை மாற்றினாலும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

கையாளும் விதிகள்

* கருவி எப்போதும் ஏற்றப்பட்டிருப்பதாகவே கருத வேண்டும்.
* இலக்கை நோக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும்.
* குழலினுள் எக்காரணம் கொண்டும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டுமாயின் குழலைக் கழற்றிய பின்னரே பார்க்க வேண்டும்.
* களத்திற்கு வெளியே குழல் உறை அணிவித்திருக்க வேண்டும். கயிற்றால் பின்புறம் கட்டப்படும் துணி உறையே சிறந்தது. குழலினுள் செருகும் அடைப்பான் அடுத்தடுத்த பந்துகளால் வெளித்தள்ளப்படலாம்.
* களத்திற்கு வெளியே விலங்குகள், வண்டிகள், வழிப்போக்கர் மீது சுடுவது விளையாட்டன்று, குற்றமாகும்.
* பொது இடங்களில் பைக்குள் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். தொலைவிலிருந்து காண்பவருக்கும் காவலருக்கும் இது உண்மைத் துப்பாக்கியாகவே தோன்றும்.

வளிமக் கலன்கள்

12 கிராம் குப்பியைப் பொருத்தும்போது முகத்தை விலக்கி, கவசத்துடன் பொருத்த வேண்டும். பல மாதிரிகளில் சுத்தியல் முன்னிலையில் இருந்தால் வால்வு சற்றே திறந்திருக்கும். எனவே முதலில் பம்ப் செய்து சுத்தியலைப் பின்னிலையில் நிறுத்திய பின் குப்பியைத் துளைப்பது வழக்கம். பயன்படுத்திய குப்பியை, உள்ளிருக்கும் வளிமம் முழுவதும் வெளியேறிய பின்னரே கழற்ற வேண்டும். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு தோலை உறையச் செய்து புண்ணாக்கும்.

திரும்ப நிரப்பத்தக்க கலனைக் கழற்றும்போது தனியான ஒரு பேரிடர் உண்டு. கலனின் கழுத்திலுள்ள வால்வு கருவியோடு இறுகிக்கொண்டால், கருவியிலிருந்து கலன் கழல்வதற்குப் பதிலாக வால்விலிருந்து கலன் கழலக்கூடும். அந்நிலையில் கலன் ஏவுகணை போலப் பாயும். அமெரிக்காவில் 2000-களில் இவ்வாறு உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. இதனைத் தவிர்க்க, வால்விலும் கலனிலும் ஒரே நேர்க்கோடாக நகப்பூச்சால் குறியிட்டு, கழற்றும்போது கோட்டின் இரு பாதிகளும் சேர்ந்தே சுழல்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். பிரிந்தால் உடனே நிறுத்திப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கலன்களை வெயிலில் நிற்கும் வண்டியினுள் விட்டுச் செல்லக் கூடாது. காற்றுக் கலனின் நிரப்பு முனையில் எண்ணெயோ கிரீசோ இடக் கூடாது. உயர் அழுத்தத்தில் அது தீப்பற்றலாம். அமெரிக்காவில் கலன்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில், பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன. கரியிழை சுற்றப்பட்ட கலன்களின் ஆயுள் பொதுவாக 15 ஆண்டுகள்.

இறக்கும் வரிசை

பந்துக் குழாயையோ பந்துப் பெட்டியையோ கழற்றிவிட்டால் கருவி வெறுமையாகிவிட்டது என்று எண்ணுவது பொதுவான, ஆபத்தான தவறு. கடைசியாக ஏற்றப்பட்ட பந்து அறையினுள் பந்துத் தடுப்பால் பிடிக்கப்பட்டு அங்கேயே இருக்கும். எனவே பின்வரும் வரிசை பின்பற்றப்படுகிறது:

1. கவசம் அணிந்தபடி, சுடும் பகுதியிலேயே பந்து வழங்கும் பகுதியைக் கழற்றுதல்.
2. பாதுகாப்பான திசையில், பந்து வராத வரை பலமுறை பம்ப் செய்து சுடுதல்.
3. குழல் உறையை அணிவித்தல்.
4. கலனையோ குப்பியையோ மேற்கூறியவாறு கழற்றுதல்.
5. எஞ்சிய வளிமம் ஒழிய மேலும் சில முறை வெறுமனே சுட்டு, சுத்தியலை முன்னிலையில் விடுதல்.

இவை அனைத்தும் முடிந்த பின்னரே கருவியைப் பிரிக்கலாம்.

பராமரிப்பு

சுத்தம் செய்தல்

பந்தின் உள்ளீடும் ஓடும் நீரில் கரைவன. ஆகவே வெதுவெதுப்பான நீரும் துணியும் போதுமானவை. ஒவ்வொரு ஆட்டநாளுக்குப் பின்னும் குழலைக் கழற்றிக் கழுவி, துடைப்புத் தண்டால் உலர்த்த வேண்டும். அறை, போல்ட்டின் முகம், பந்துத் தடுப்பு ஆகியவற்றில் ஒட்டிய ஓட்டுத் துணுக்குகளை அகற்ற வேண்டும். காய்ந்த வண்ணம் அடுத்த பந்தை உடைக்கும். உடைந்த பந்து மேலும் வண்ணத்தைப் படியவைக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் போன்ற கரைப்பான்கள் வளையங்களையும் நெகிழிப் பகுதிகளையும் கெடுப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மசகிடல்

பெயிண்ட்பால் கருவிகளுக்கென விற்கப்படும் எண்ணெயைச் சுத்தியல், பம்ப் தண்டு, போல்ட்டின் வளையங்கள் ஆகியவற்றில் ஓரிரு துளிகள் இட்டால் போதும். 12 கிராம் குப்பியின் முனையில் ஒரு துளி இடுவது, அங்குள்ள அடைப்பு வளையத்தின் ஆயுளை நீட்டிக்கும். துருவகற்றும் தெளிப்பான்கள் வளையங்களை உப்பச் செய்பவை. அவை மசகு எண்ணெய்க்கு மாற்றல்ல. குழலின் உட்புறத்தில் எண்ணெய் படியவிடக் கூடாது. எண்ணெய் படிந்த பந்து நேராகச் செல்லாது.

வளையங்கள்

கருவியில் வளிமம் கசியாமல் காப்பவை ஓ-வளையங்களே. கார்பன் டை ஆக்சைடு சாதாரண நைட்ரைல் இரப்பருக்குள் ஊடுருவி, அழுத்தம் திடீரெனக் குறையும்போது அதனைப் பிளக்கும். ஆதலால் கலன் வாயில் பாலியூரித்தேன் வளையம் விரும்பப்படுகிறது. உதிரி வளையங்களை எப்போதும் உடன் வைத்திருப்பது நன்று.

குழலும் பந்தும்

குழலின் உள்விட்டம் பந்தின் விட்டத்தோடு பொருந்த வேண்டும். கழற்றிய குழலில் ஒரு பந்தை இட்டால் அது தானாக உருண்டு வெளியேறக் கூடாது. மெல்ல ஊதினால் வெளிவர வேண்டும். பம்ப் குறிப்பானில் ஒவ்வொரு பந்தும் தனித்து எய்யப்படுவதால் இப்பொருத்தம் மிகவும் பயன் தரும்.

சேமிப்பு

பந்துகளை மூடிய பையில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில், அவ்வப்போது புரட்டி வைக்க வேண்டும். கருவியை வளிமமின்றி, சுத்தியல் முன்னிலையில், சுருள்வில் தளர்ந்த நிலையில் வைக்க வேண்டும். கலனைத் தனியாகக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பொதுவான பழுதுகள்

* குழல் வழியே வளிமம் கசிதல்: வால்வின் அடைப்பு தேய்ந்திருக்கும் அல்லது அழுக்கடைந்திருக்கும்.
* கலன் வாயில் கசிதல்: வளையம் கிழிந்திருக்கும். கசிவிடத்தைச் சவர்க்கார நீர் தடவிக் கண்டறியலாம்.
* வேகம் குறைதல்: வளிமம் தீர்ந்திருத்தல், குளிர்ந்த கலன், தளர்ந்த சுருள்வில், பொருந்தாத குழல்.
* பந்து அடிக்கடி நசுங்குதல்: கைப்பிடியை முழுவதும் பின்னால் இழுக்காமல் பாதியிலேயே தள்ளுதல். இது கருவியின் குறையன்று, பழக்கத்தின் குறை.
* இரு பந்துகள் ஏறுதல், பந்து உருண்டு வெளியேறுதல்: தேய்ந்த பந்துத் தடுப்பு.
* விசையைத் தொடாமலே சுடுதல்: தேய்ந்த சியர். பந்தில்லாமல் பம்ப் செய்து, கருவியின் பின்புறத்தை உள்ளங்கையால் தட்டிச் சோதிக்கலாம். சுத்தியல் விடுபட்டால், சியரை மாற்றும் வரை அக்கருவியைக் களத்திற்குக் கொண்டு செல்லக் கூடாது.

சட்ட நிலை

இக்கருவி குறித்த சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் 18 வயது நிறைந்தோரே இதனை வைத்திருக்கலாம், ஆற்றல் 7.5 ஜூலுக்கு மேற்படாதிருப்பதுடன், ஐங்கோணத்துள் "எஃப்" எழுத்து பொறிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். அமெரிக்க வானூர்திகளில் வளிமக் கலனை, அதன் வால்வு கழற்றப்பட்டு உட்புறம் தெரியும் நிலையில் மட்டுமே கொண்டு செல்லலாம். எந்த நாட்டிலும் வாங்குவதற்கு முன் உள்ளூர்ச் சட்டத்தை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

ஸ்டாக் கிளாஸ்

பம்ப் குறிப்பான்களுக்கென்றே வழங்கும் ஆட்டமுறை ஸ்டாக் கிளாஸ் எனப்படுகிறது. இதில் 12 கிராம் குப்பியும், குழலுக்கு இணையாகக் கிடையாகப் பொருத்தப்படும் 10 பந்துகள் கொண்ட குழாயும் மட்டுமே பயன்படுத்தப்படும். பந்து தானாக விழாதாகையால், ஒவ்வொரு முறையும் கருவியைச் சாய்த்துப் பந்தை உருட்ட வேண்டும். பந்துகள் சிலவே இருப்பதால், மறைந்து நகர்தலும் பொறுமையும் குறிபார்த்தலும் இதில் முதன்மை பெறுகின்றன.

இவற்றையும் பார்க்க

* பெயிண்ட்பால்
* காற்றுத் துப்பாக்கி
* கார்பன் டை ஆக்சைடு
* இயக்க ஆற்றல்